கோளத்தைத் தொடாத தளம்

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, தொலைநிலைக் கல்வித் தேர்வு, எங்கள் கல்லூரியைப் பல்கலைக்கழகம் மையமாக எடுத்துக்கொண்டிருக்கிறது, கணக்குத் துறைத் தமயந்தி மேடத்துக்கு, அதாவது எனக்கு, மாடியில் கடைசி அறையில் கண்காணிப்பு வேலை. பத்து மணியிலிருந்து நடந்து நடந்து கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தது. உட்காரக் கூடாது என்று விதி. மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டு, மிஞ்சிய வினாத்தாள்களில் ஒன்றைப் பொழுதுபோகாமல் எடுத்துப் பார்த்தேன். முப்பரிமாணப் பகுமுறை வடிவகணிதம். மூன்றாம் கேள்வியிலேயே எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. ஐந்தாவது, கூம்பைப் பற்றியது, படிக்கும் முன்பே அதன் அடுத்த வரி எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதுக்கு வந்தபோது சந்தேகமே இல்லை, இது நான் போட்ட வினாத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்டு, உறைக்குள் உறை வைத்து ஒட்டி அனுப்பியது. எப்போது பயன்படுத்துவார்கள் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். யார் போட்டது என்று நாமும் யாரிடமும் சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அப்படி அனுப்பியது இப்போது இருபத்துமூன்று பேர் முன்னால் விரிந்து கிடக்கிறது, இருபத்துமூன்று பேரும் என் வார்த்தைகளைப் படித்துத் தலையைச் சொறிகிறார்கள். ஒரு நிமிடம், ஒரே நிமிடம்தான், பெருமையாக இருந்தது. சமையலறையில் நின்றுகொண்டு பந்தியை எட்டிப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தேன். அப்புறம் பதினாறாம் கேள்விக்கு வந்தேன்.

பதினாறு கட்டாய வினா. இருபது மதிப்பெண். வேறு கேள்வியைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்க முடியாது, எல்லோரும் எழுதியே ஆக வேண்டும். ஒரு கோளத்தை ஒரு தளம் வெட்டும்போது கிடைக்கும் வட்டத்தின் மையமும் ஆரமும் காண்க. ஆரஞ்சுப் பழத்தைக் கத்தியால் ஒரே சீராக வெட்டினால் முகத்தில் ஒரு வட்டம் தெரியுமே, அதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பரீட்சை என்றால் ஒரு கேள்வியாவது எல்லோருக்கும் வரட்டும் என்று நான் இரக்கப்பட்டு வைத்த கேள்வி. கோளத்தின் ஆரம் நான்கு. மனதிலேயே போட்டேன், சரி, நான்கு. மையத்திலிருந்து தளத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். ஒன்றும் நான்கும் ஆறும் பதினொன்று, வலப்பக்கம் இருபத்தாறு, கழித்தால் பதினைந்து, மூன்றால் வகுத்தால் ஐந்து. ஐந்தா? ஆரம் நான்கு, தளம் ஐந்து அலகு தள்ளி. அப்படியென்றால் கத்தி பழத்தின் மேல் படவே இல்லை. பழத்துக்கு ஓர் அலகு வெளியே காற்றை வெட்டிக்கொண்டு போகிறது. வட்டம் கிடையாது. பதினாறில் இருபத்தைந்தைக் கழித்து, மைனஸ் ஒன்பதுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதை வட்டத்தின் ஆரம் என்று எழுதச் சொல்கிறேன். திரும்பப் போட்டேன். எனக்குக் கூட்டல் தெரியாமல் போயிருக்கும் என்ற நம்பிக்கையோடு திரும்பப் போட்டேன். ஒன்றும் நான்கும் ஆறும் பதினொன்று. விரல் விட்டுக்கூட எண்ணினேன். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாகப் பன்னிரண்டு.

இருபது. இருபதல்லவா இருக்க வேண்டும். இருபது என்றால் தூரம் மூன்று, ஆரத்தின் வர்க்கம் ஏழு, அழகாக வரும். இந்த இருபத்தாறு எங்கிருந்து வந்தது? அச்சுக்காரன் செய்த வேலையாக இருக்கலாம். கையெழுத்தில் சுழியம் ஆறு மாதிரி விழுந்திருக்கலாம். இல்லை, என் சுழியம் ஆறு மாதிரி விழாது, கரும்பலகையில் பதினெட்டு வருடம் எழுதிய கை. யோசி, தமயந்தி. இரண்டு தாள் கேட்பார்கள், எப்போதும் இரண்டு, ஒன்று வெளியே போய்விட்டால் இன்னொன்று என்று. இரண்டிலும் ஒரே மாதிரி கேள்வி, எண் மட்டும் வேறு. முதல் தாளில் ஆரம் நான்கு, தளத்துக்கு இருபது. இரண்டாம் தாளில் ஆரம் ஆறு, தளத்துக்கு இருபத்தாறு. ஐயோ. இருபத்தாறு அங்கே இருந்தது. அங்கே அது சரி, ஆரம் ஆறு, தூரம் ஐந்து, தளம் ஒழுங்காக வெட்டும். படியெடுக்கும்போது முதல் தாளின் கோளத்துக்கு இரண்டாம் தாளின் தளத்தை எழுதியிருக்கிறேன். படுக்கையறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, யாரும் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த அந்த மத்தியானம். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் கதவைத் தட்டியது, நான் எழுந்து போகாமல், வச்சுட்டுப் போகச் சொல்லுங்க என்று கத்தியது, அதற்குள்ளேதான் நடந்திருக்கும். இல்லாவிட்டால் வேறு எப்போதோ நடந்திருக்கும். பார்த்துக்கொள்ள வழியில்லை. முதலில் எழுதிப் பார்த்த கரட்டுத் தாளைக் கிழித்துவிட வேண்டும், நகல் வைத்திருக்கக் கூடாது என்பதும் விதி. விதிப்படி சுக்குநூறாகக் கிழித்தேன். இப்போது என் தப்புக்குச் சாட்சி இங்கே இருக்கிற இருபத்துமூன்று காகிதம்தான்.

யார் பதினாறைத் தொட்டிருக்கிறார்கள் என்று பார்க்க நடந்தேன். கால் தானாக நடந்தது. பெரும்பாலோர் ஏழிலும் எட்டிலும் இருந்தார்கள். கட்டாய வினாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் பழக்கம். எனக்கு மூச்சு வந்தது. மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் ஒரு பெண்மணி, பச்சைப் புடவை, நாற்பது நாற்பத்திரண்டு இருக்கும், பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பதினாறு என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். கீழே கோளம், அதன் நடுவே ஒரு புள்ளி, பக்கத்தில் நான்கு என்று. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. அவரை எனக்குத் தெரியும். காலையில் நுழைவுச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது பெயரைப் பார்த்து, பவுன்தாய், எந்த ஊர் என்று சும்மா கேட்டுவைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அருப்புக்கோட்டைப் பக்கம், அங்கன்வாடியில் வேலை. "இந்த ஒரு பேப்பர்தான் டீச்சர் பாக்கி. மத்ததெல்லாம் எழுதி முடிச்சுட்டேன். பழைய பாடத்திட்டத்துக்கு இதோட கடைசின்னுட்டாக. இது போச்சுன்னா ஏழு வருசமும் போச்சு." பட்டம் இருந்தால் மேற்பார்வையாளர் வேலைக்கு எழுதிப் போடலாமாம். எழுதிப் போட வயது வரம்புக்கு ஒரு வருடம்தான் இருக்கிறதாம். எல்லாவற்றையும் ஒரு கையெழுத்துப் போடும் நேரத்துக்குள் சொல்லிவிட்டார். நானும் நல்லா எழுதுங்கம்மா என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

சரி, பதறாதே. என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. விடைத்தாள் திருத்தும் முகாமில் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியாதா? தலைமைத் திருத்துநர் எழுந்து, கேள்வியில் பிழை இருக்கிறது, முயன்றவர்களுக்கு முழு மதிப்பெண் என்பார். கேள்வி எண்ணை எழுதி இரண்டு வரி கிறுக்கியிருந்தால் போதும், இருபதுக்கு இருபது. அப்படிப் பார்த்தால் என் தப்பால் இவர்களுக்கு லாபம். பவுன்தாய் இப்போதே முயன்றாகிவிட்டது, கோளம் வரைந்தாகிவிட்டது, இருபது மதிப்பெண் பையில் விழுந்தாகிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே எல்லோருக்கும் நல்லது. என்ன அருமையான தர்க்கம், என் மாணவி யாராவது இப்படி எழுதியிருந்தால் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கேள்விக்குறி போட்டிருப்பேன். ஏனென்றால் முயன்றவர்களுக்கு மதிப்பெண் உண்டு, போன நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது. வராத வட்டத்தைத் தேடிக்கொண்டு அவர் இங்கேயே உட்கார்ந்துவிட்டால் பதினான்கும் பதினைந்தும் என்ன ஆகும்? அவர் இன்னும் தொடாத இரண்டும் பத்துப் பத்து மதிப்பெண். உட்கார மாட்டார், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பன்னிரண்டு பத்துக்கு மறுபடி அவர் பக்கம் போனேன். நிமிர்ந்து பார்த்தார், நான் ஜன்னலைச் சாத்துகிறவள் மாதிரி கொக்கியைத் தொட்டேன். நகரவில்லை. இரண்டாம் முறையாக முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் நான்கும் ஆறும்.

போன வருடம் திருத்தும் முகாமில் நான் சிரித்தது ஞாபகம் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் முக்கோணத்துக்கு மூன்றும் நான்கும் எட்டும் பக்கங்களாகக் கொடுத்திருந்தார். இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் மூன்றாவதை எட்டாது, முக்கோணம் மூடவே மூடாது. இவர் முக்கோணம் போடவில்லை, பந்தல் போட்டிருக்கிறார் என்றேன். அறையே சிரித்தது. தேநீர் நேரத்தில் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த மனிதர் அங்கேயேகூட இருந்திருக்கலாம். எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, கையில் தேநீரோடு வெளியே போய் நின்றிருக்கலாம். இந்த யோசனை எனக்கு இன்றைக்குத்தான் வருகிறது. மே மாதம் முகாமில் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள்? தமயந்தி மேடத்தின் கத்தி என்பார்கள். யார் போட்டது என்று வெளியே சொல்லக் கூடாது என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று அர்த்தம். அப்புறம் தேர்வுத் துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம். கேள்வி போடுகிறவர் பட்டியலில் இருந்து பெயர் போகும். பாடத்திட்டக் குழுவுக்கு இந்த வருடம் என் பெயரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் போகும். பதினெட்டு வருடம் ஒரு விடைத்தாளில் கூட்டல் தப்பியதில்லை என்று பேர் எடுத்தவள் நான். கழுத்தில் வியர்வை இறங்கியது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு எட்வின் சார் வந்தார். இயற்பியல் துறை, இன்றைக்கு இந்த மையத்துக்கு முதன்மைக் கண்காணிப்பாளர். வாசலில் நின்று எண்ணிக்கையை எழுதிக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சார், பதினாறாவது கேள்வி தப்பா இருக்கு. தளம் கோளத்தை வெட்டவே இல்ல."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"இன்னும் கேக்கல. ஆனா ஒருத்தங்க அதுலயே மாட்டிக்கிட்டு இருக்காங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு வார்த்தை சொல்லிடலாமா?"

"நாம எப்படி மேடம் சொல்றது? பல்கலைக்கழகத்துல இருந்து திருத்தம் வரணும். இல்லன்னா போட்டவங்க சொல்லணும். நாம பாட்டுக்குச் சொல்லிட்டு, நாளைக்கு அது சரின்னு ஆயிட்டா? மத்த ஊர்லயெல்லாம் இதே பேப்பர்தான் எழுதுறாங்க."

"சரின்னு ஆகாது சார்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா? அறிக்கையில எழுதிக் கொடுங்க, அனுப்பி வைக்கிறேன். இதுக்குப் போய் ஏன் இவ்வளவு பதட்டம்? நீங்களா போட்டீங்க?"

சிரித்துக்கொண்டே கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவர் அந்த நிமிடமே தொலைபேசியை எடுத்திருப்பார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை, "நல்லா போட்டாங்க சார்" என்று வேறு சொன்னேன். அவர் படியிறங்கிப் போன பிறகும் முகத்திலிருந்து சிரிப்பு போகாமல், துடைத்து எடுக்க வேண்டியதாகிவிட்டது.

உள்ளே வந்து நேராக மூன்றாம் வரிசைக்குப் போனேன். மூன்றாவது முறை. என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமல்தான் போனேன். குனிந்து, அம்மா அடுத்த கேள்விக்குப் போங்க என்று காதோடு சொன்னால் என்ன? சொன்னால் ஒருவருக்கு மட்டும் உதவியதாக ஆகும், கண்காணிப்பாளரே காப்பி அடிக்க விட்டதாக ஆகும். எதற்கும் ஒரு விதி இருக்கிறது, பயப்படுகிறவளுக்கு விதியைப் போலச் சௌகரியம் வேறில்லை. நின்றுவிட்டு நகர்ந்தேன். பன்னிரண்டரை மணி அடித்தது. பவுன்தாய் எழுந்து நின்று கையை உயர்த்தினார், அங்கன்வாடிப் பிள்ளைகளைப் போல முழுக் கையையும். கூடுதல் தாள் வேண்டும் என்றார். கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, தாளைக் கட்ட நூலை நீட்டினேன். நான்காவது முறை. "டீச்சர், இந்தப் பதினாறு" என்று ஆரம்பித்தார். "கேள்வியப் பத்திப் பேசக் கூடாதும்மா" என்றேன். என் குரல் அவ்வளவு திருத்தமாக, அவ்வளவு சட்டமாக வந்தது, எனக்கே ஆச்சரியம். "சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டார். என்ன கீழ்ப்படிதல். அந்தச் சரி டீச்சரைக் கேட்டதும் எனக்கு அழுகை வரும் போல ஆகிவிட்டது, அப்புறம் அவர்மேல் கோபம் வந்தது. ஏன் இந்தம்மா நகர மாட்டேன் என்கிறது? மைனஸ் வந்தால் மைனஸ் என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? வரவில்லை என்றால் விட்டுத் தொலைய வேண்டியதுதானே? உலகத்தில் எவ்வளவோ பேர் எவ்வளவோ கணக்கை அரைகுறையாக விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பன்னிரண்டே முக்காலுக்கு ஐந்தாவது முறையாகப் போனேன். புதுத் தாளில் மறுபடியும் ஒரு கோளம். இந்தத் தடவை பெரிதாக, பொறுமையாக, வளையல் வைத்து வரைந்தது போல வட்டமாக. தளம் எங்கே போகிறது என்று தெரியாமல் அந்தக் கோட்டை மட்டும் நான்கு இடத்தில் புள்ளிபுள்ளியாகப் போட்டுப் பார்த்திருந்தார். கோளம் வேர்த்த விரல் பட்டு ஓரத்தில் கலங்கியிருந்தது. மேஜைக்கு வந்து, வருகைப் பதிவேட்டில் ஏற்கெனவே சரிபார்த்த எண்களைச் சரிபார்த்தேன். இன்னும் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடம் கழிந்தால் காகிதங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அப்புறம் முயன்றவர்களுக்கு முழு மதிப்பெண், எல்லாம் சரியாகிவிடும். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அளவுகோலை வைத்து, அழுத்தி, மூலைக்கு மூலை பேனா இழுக்கிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். பவுன்தாய் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பெருக்கல் குறி, புரட்டி அடுத்த பக்கம் பெருக்கல் குறி. அடித்ததைத் திருத்த மாட்டோம். அடித்தால் எழுதவில்லை என்று கணக்கு, முயலவே இல்லை என்று கணக்கு. முழு மதிப்பெண்ணும் போச்சு, போன நேரமும் போச்சு.

"அடிக்காதீங்க."

நான் இவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நினைக்கவில்லை. அறை முழுவதும் நிமிர்ந்தது. ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். கை சில்லென்றிருந்தது. அவர் பயந்துபோய், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர் மாதிரி எழுந்து நின்றார்.

"இல்ல டீச்சர், வட்டமே வர மாட்டேங்குது. ரூட்டுக்குள்ள மைனஸ் ஒம்பது வருது. ஆறு தடவ போட்டுட்டேன். எங்கனயோ தப்பு விடுறேன், எங்கனன்னு தெரியல."

"நீங்க தப்பு விடல. கேள்விதான் தப்பு."

"கேள்வி எப்படி டீச்சர் தப்பா இருக்கும்? படிச்சவுக போட்டிருப்பாகள்ல."

"நான்தாம்மா போட்டேன்."

சொல்லிவிட்டேன். அப்புறம் எல்லோருக்குமாகத் திரும்பி, தளம் கோளத்தை வெட்டவில்லை, வட்டம் கிடையாது, உங்களுக்கு என்ன வந்ததோ அதை அப்படியே விடுங்கள், யாரும் அடிக்காதீர்கள், கேள்வியைப் போட்டது நான்தான், பிழை என்னுடையது என்றேன். பின்வரிசையில் யாரோ அடப் பாவமே என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சத்தம் கேட்டு எட்வின் சார் படியேறி வந்து வாசலில் நின்றார். "என்ன மேடம் செஞ்சுட்டீங்க" என்றார், கோபமாகக்கூட இல்லை. நான் அவரைப் பார்க்கவில்லை. பவுன்தாயின் விடைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்த பக்கங்களில் முதல் பக்கத்தின் அடியில், கோடு போட்டு, குண்டு குண்டாக எழுதியிருந்தார்: மைய தூரம் ஆரத்தை விட அதிகம், ஆகவே தளம் கோளத்தை வெட்டாது. முதல் தடவையிலேயே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, கேள்வி தப்பாக இருக்காது என்று நம்பி, அதற்கப்புறம் நான்கு பக்கம் போட்டிருக்கிறார். பதினான்கு, பதினைந்து என்ற எண்கள் எங்கேயும் இல்லை.

பத்து நிமிட எச்சரிக்கை மணி அடித்தது. "அதையே திரும்ப எழுதிடுங்க, இந்த ஒரு வரி போதும், எழுதிட்டுப் பதினாலுக்குப் போங்க" என்றேன். எழுதினார். அந்த ஒரு வரியைச் சுத்தமாக எழுதினார். பதினான்கின் எண்ணைப் போட்டு, கொடுக்கப்பட்டவை என்று எழுதி, இரண்டு சமன்பாட்டை இறக்கினார். மூன்றாவது பாதியில் நிற்கும்போது கடைசி மணி அடித்துவிட்டது. எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு கடைசியாக அவரிடம் போனேன். முகப்புத் தாளின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது வரும், பயப்படாதீங்க, நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். பாக்கிக் கேள்விகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இப்பத்தாம்மா என்று சொல்லியிருக்கலாம்.

"பன்னெண்டுக்கு" என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தாளை என் பக்கம் தள்ளினார்.

"அதுக்கப்புறம் நாலு தடவ எங்கிட்ட வந்து நின்னீக."

ஐந்து தடவை.